பள்ளிக் குழந்தைகளுக்கு இங்கிலாந்தின் மரபு ஆட்டமும் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியர்கள், துணையாசிரியர்கள், மே மாத விழாவுக்குக் கைகொடுக்க வரும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முன்னே சொன்ன பதிலைப் பின்னே மறுபடி சொல்லவில்லை. எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. இங்கிலாந்துக்குன்னு தனியா ஒரு நாட்டுப்புற ஆட்டம் இருக்கா? ஐரிஷ், ஸ்காட்டிஷ்னுதானே கேள்விப்பட்டிருக்கோம்?

ஒன்றல்ல, பல. காட்ஸ்வோல்ட் வட்டார மாரிஸ் ஆட்டத்தில் ஆறு பேர் சேர்ந்து ஆடுவார்கள். முழங்காலுக்குக் கீழே மணிப்பட்டை, கையில் வெள்ளைக் கைக்குட்டை அல்லது கம்பு. வேல்ஸ் எல்லையை ஒட்டிய பார்டர் மாரிஸ் இதைவிட முரட்டுத்தனமானது. லங்காஷயர், செஷயர் ஆலை ஊர்களில் தெருவில் ஊர்வலமாக ஆடும் மாரிஸ் உண்டு. யார்க்‌ஷயரில் நீண்ட வாள் ஆட்டம். நார்தம்பர்லாந்து, டர்ஹம் சுரங்க ஊர்களில் ராப்பர் ஆட்டம்: ஐந்து பேர், இரு முனையிலும் பிடி வைத்த வளையும் எஃகுப் பட்டை.

இவை போக, யாரும் சேர்ந்து ஆடக்கூடிய ஜோடி ஆட்டங்களுக்குக் கன்ட்ரி டான்ஸ் என்று பெயர். லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்ட் 1651-லேயே இவற்றில் 105 ஆட்டங்களை மெட்டோடு அச்சிட்டார். பள்ளியில் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கன்ட்ரி டான்ஸ்தான். மாரிஸும் வாளும் பிறகு.

2. பாடத்திட்டத்துல இது கட்டாயமா? தலைமை ஆசிரியர்கிட்ட என்ன சொல்லி நேரம் கேட்கிறது?

கட்டாயம் இல்லை. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் உடற்கல்வியில் ஆட்டம் இருக்க வேண்டும் என்கிறது. முதல் கட்டத்தில் (5–7 வயது) எளிய அசைவு அமைப்புகள், இரண்டாம் கட்டத்தில் (7–11 வயது) பலவகை அசைவு அமைப்புகள். எந்த மரபு என்று சொல்வதில்லை. ஆகவே கேட்க வேண்டியது உடற்கல்வி நேரத்தைத்தான். கூடுதல் நேரம் வேண்டாம். வாரம் 40 நிமிடம், ஆறு வாரம் கிடைத்தால் ஒரு வகுப்பு நான்கு ஆட்டங்களைத் தடுமாறாமல் ஆடும்.

இது பள்ளிக்குப் புதிதும் அல்ல. 1909-லேயே அரசின் கல்வி வாரியம் பள்ளி உடற்பயிற்சிப் பாடத்தில் மாரிஸையும் கன்ட்ரி டான்ஸையும் சேர்த்துவிட்டது.

3. எனக்கே ஆடத் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

நடக்கத் தெரிந்தால் போதும். முதல் பாடத்துக்கு இந்த வட்ட ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஜோடி ஜோடியாக ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்கட்டும். இடப்பக்கம் 8 காலடி (இனி எண்ணோடு வரும் ‘அடி’ எல்லாம் காலடிதான்), வலப்பக்கம் 8 அடி. பிறகு நடுவுக்கு 4 அடி, பின்னால் 4 அடி, இதையே இன்னொரு முறை. அடுத்து ஜோடியோடு வலது முழங்கையைக் கோத்து 8 அடி சுற்று, இடது முழங்கையைக் கோத்து 8 அடி. கடைசியாக ஜோடியோடு பக்கத்தில் நின்று வட்டத்தைச் சுற்றி 16 அடி நடை. அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து.

இசை இல்லாமல் ஒருமுறை நடத்திக் காட்டுங்கள், அதிகம் போனால் இரண்டு முறை. மூன்றாவது ஒத்திகை கூடவே கூடாது. அதற்குள் குழந்தைகள் சலித்துப்போவார்கள். இசை வரும்போது இருக்க வேண்டிய துள்ளல் முன்னாலேயே செலவாகிவிடும். தவறோடு ஆடத் தொடங்கட்டும். நான்காவது சுற்றில் பாதித் தவறு தானாகச் சரியாகியிருக்கும்.

4. 32 பார், 32 பார்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலான இங்கிலாந்து ஆட்ட மெட்டுகளில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 8 பார் (பார் என்பது மெட்டின் ஒரு தாளக் கட்டம்). முதல் பகுதியை இருமுறை, இரண்டாம் பகுதியை இருமுறை வாசித்தால் 32 பார். ஒரு பாருக்கு இரண்டு அடி வீதம் 64 அடி. மேலே சொன்ன வட்ட ஆட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்: 16, 16, 16, 16.

ஆக, மெட்டு திரும்புகிற இடத்தில்தான் ஆட்டமும் திரும்புகிறது. இதைக் குழந்தைகளின் காதில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் பாடத்தில் ஆடுவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து மெட்டைக் கேட்கட்டும்; பகுதி மாறும்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தையும் இரண்டாவது சுற்றில் சரியாகத் தூக்கும். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று உரக்க எண்ணிக்கொண்டே கற்பித்தால் அவர்கள் உங்கள் குரலைத்தான் கேட்பார்கள், மெட்டைக் கேட்க மாட்டார்கள். நீங்கள் நிறுத்தியதும் ஆட்டமும் நின்றுவிடும்.

அடுத்த அசைவை அறிவிக்க வேண்டியது அது தொடங்கும் நேரத்தில் அல்ல. முந்தைய அசைவின் கடைசி நான்கு அடிகள் நடக்கும்போது. “இப்போ வலது கை” என்று நான்கு அடி முன்னே சொன்னால்தான் கால் நேரத்துக்குப் போய்ச் சேரும். புதிதாக அறிவிப்பவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே தவறு தாமதமாகச் சொல்வதுதான்.

5. பதிவு பண்ண பாட்டு போட்டா போதாதா? ஆள் வாசிக்கணுமா?

பதிவில் நடத்தலாம், நடக்கிறது. ஆனால் ஒருவர், ஒரே ஒருவர், ஒரு வயலினோ மெலோடியனோ (பொத்தான் வைத்த சிறு அக்கார்டியன்) விசிலோ வாசித்தால்கூட வகுப்பு வேறாக மாறும். வாசிப்பவர் குழந்தைகளின் காலைப் பார்த்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வரிசை குழம்பினால் இன்னொரு சுற்று வாசித்துக் காப்பாற்றலாம்.

பதிவு என்றால் மூன்றைப் பாருங்கள். 32 பார் மெட்டா? எத்தனை சுற்று? வேகம் என்ன? நடை ஆட்டத்துக்கு நிமிடத்துக்கு 105 முதல் 110 தட்டு, துள்ளல் ஆட்டத்துக்கு 116 முதல் 120 தட்டு சரியாக இருக்கும். 110-இல் ஒரு சுற்றுக்கு 35 நொடி. எட்டுச் சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. குழந்தைகளுக்கென்று மிக மெதுவாக வைக்காதீர்கள். குட்டைக் கால் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். மெதுவான மெட்டுக்குத் துள்ளுவது அவர்களுக்குத்தான் கடினம்.

6. எல்லாரும் ஓடுறாங்க. வட்டம் இழுபட்டு அறுந்துபோகுது. என்ன செய்யறது?

வட்டம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். 30 குழந்தைகள் கையை நீட்டி நின்றால் ஒருவருக்கு ஒரு மீட்டர் வைத்தாலும் சுற்றளவு 30 மீட்டர், குறுக்களவு ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர். பல பள்ளிகளின் ஹாலில் அந்த அகலமே இருக்காது. இரண்டு வட்டமாகப் பிரியுங்கள், அல்லது முழங்கை மடங்கும் அளவுக்கு நெருக்கி நிறுத்துங்கள். கை மடங்கினால் அடி தானாகச் சிறுக்கும்.

கையை இழுப்பவர்களுக்கு “இழுக்காதே” என்பதைவிட “பக்கத்திலிருப்பவர் கையில் ஒரு பறவைக் குஞ்சு இருக்கிறது” என்று சொன்னால் உடனே புரியும். துள்ளத் தெரியாத குழந்தை நடக்கட்டும். தாளத்தில் நடந்தால் அது சரியான ஆட்டமே.

7. பசங்களும் பொண்ணுங்களும் கையைப் பிடிக்க மாட்டேங்கறாங்க. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்ததால்தான் இந்தச் சிக்கல் பிறக்கிறது. சிவப்புப் பட்டை, நீலப் பட்டை என்று கையில் கட்டிப் பாத்திரங்களைப் பிரியுங்கள். பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரே ஜோடி. ஒரு சுற்றுக்கு ஒரு ஜோடி மாறும் ஆட்டம் இன்னும் நல்லது. 35 நொடிக்கு ஒருவர் என்றால் யாருக்கும் வெட்கப்பட நேரம் இல்லை.

சமயக் காரணத்தால் தொடுவதைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு முன்கூட்டியே வழி வைத்திருங்கள்: இருவரும் ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடிக்கலாம், அல்லது தோளோடு தோள் உரசாமல் ஒருவரை ஒருவர் சுற்றிவரும் டோசிடோ செய்யலாம். மாரிஸில் கைகோக்கும் இடமே மிகக் குறைவு. எந்தக் குழந்தையையும் தனியாக ஓரத்தில் உட்காரவைக்கும் நிலை வரக் கூடாது.

8. என் வகுப்புல 29 பேர். ஜோடி ஒத்து வரலை.

வட்ட ஆட்டத்தில் 13 ஜோடியும் ஒரு மூவர் குழுவும் போதும். முழங்கைச் சுற்று வரும்போது மூவரும் சின்ன வட்டமாகக் கைகோத்துச் சுற்றலாம். 27 பேர் என்றால் எல்லோரையும் மூன்று மூன்றாக நிறுத்தும் ஆட்டங்களே இருக்கின்றன.

ஜோடிகள் எதிரெதிரே இரண்டு நீள வரிசையாக நிற்கும் நீள்வரிசை ஆட்டம் என்றால் நான்கு ஜோடி, அதாவது எட்டுப் பேர் ஒரு குழு. மூன்று குழுவுக்கு 24 பேர் போக, மீதி ஐந்து பேருக்கு டேம்பரின், மேளம், மணி கொடுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளை மாற்றுங்கள்.

9. நீள்வரிசை ஆட்டத்துல கடைசியில எப்பவும் குழம்பிடுது. ஏன்?

வழக்கமான நீள்வரிசை ஆட்டம் இப்படிப் போகும்: தலைஜோடி (வரிசையின் மேல்முனையில் நிற்பவர்கள்) கைகோத்துப் பக்கவாட்டில் 8 அடி பாய்ந்து கீழே, 8 அடி மேலே. நால்வர் நால்வராக வலது கை நட்சத்திரம் (வலது கைகளை நடுவில் சேர்த்துச் சுற்றுவது) 8, இடது கை நட்சத்திரம் 8. டோசிடோ 8, இரு கை பிடித்துச் சுற்று 8. பிறகு தலைஜோடி பிரிந்து வெளிப்பக்கமாகக் கீழே போக, மற்றவர்கள் பின்தொடர, தலைஜோடி வரிசையின் கீழ்முனையில் கைகளால் வளைவு பிடிக்க, எல்லோரும் அதனுள் நுழைந்து மேலே வர வேண்டும். இதற்கு 16 அடி.

குழப்பம் இந்தக் கடைசி 16 அடியில்தான். நான்கு ஜோடிக்கு 16 அடி இறுக்கமாகப் போதும். “இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்ளட்டும்” என்று ஐந்து, ஆறு ஜோடியாக்கினால் வளைவுக்குள் நுழைந்து முடிப்பதற்குள் மெட்டு முதலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தக் குழு மெட்டைப் பிடிக்கவே பிடிக்காது. நான்கு ஜோடியிலும் குழம்பினால், தலைஜோடி வெகுதூரம் கீழே போய் வளைவு பிடிக்கிறதா என்று பாருங்கள். நான்காவது ஜோடி நின்ற இடமே அவர்கள் இடம், ஓர் அடிகூட அதற்கு அப்பால் அல்ல.

10. எந்த வாத்தியத்தை முதல்ல கொடுக்கலாம்? பள்ளியில ரெக்கார்டரும் உகுலேலேயும்தான் இருக்கு.

இருப்பதை வைத்தே நடத்தலாம். இந்த மெட்டுகள் பெரும்பாலும் ஜி, டி சுரங்களை ஆதாரமாகக் கொண்டவை. உகுலேலேக்கு ஜி, சி, டி7 மூன்று கார்டு தெரிந்தால் ஜி மெட்டுகள் பலவற்றுக்குத் துணை வாசிக்கலாம். ரெக்கார்டரில் எஃப் ஷார்ப் குறுக்குவிரல் வைத்தே (நடுவே ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே மூடி) வரும். சிறு குழந்தைகளுக்கு அது தடைக்கல்.

வாங்குவதானால் டி ஆதாரத்தில் உள்ள தகர விசில். ஆறு துளையையும் மூடினால் டி. கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. எஃப் ஷார்ப் தானாகவே அமைந்துவிடுகிறது. ஒலி கிறீச்சிட்டால் காரணம் இரண்டில் ஒன்று: பலமாக ஊதுவதால் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது, அல்லது விரல் நுனியால் மூடுவதால் துளை முழுதும் அடைபடவில்லை. விரலின் சதைப்பகுதியால் மூடச் சொல்லுங்கள், “சூடான தேநீரை ஆற்றுவதுபோல ஊது” என்று சொல்லுங்கள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஊதினால் யாருக்கும் தன் ஒலி கேட்காது. எட்டுப் பேர் ஊத, மற்றவர் ஜி-யை நீட்டிப் பாடட்டும்.

இரண்டு பார் நீங்கள் வாசிக்க, அதையே அவர்கள் திருப்பி வாசிக்கும் முறையில் சொல்லிக்கொடுங்கள். இந்த இசை செவிவழி வந்தது. நோட்டேஷன் தாள் பிறகு கொடுத்தால் போதும். ஒரு பாடத்தில் முதல் 8 பார் போதுமானது. எந்த மெட்டுக்கு ஆடினார்களோ அதையே வாசிக்கக் கொடுங்கள். காலில் ஏறிய மெட்டு விரலுக்குச் சீக்கிரம் வரும்.

11. மாரிஸ்ல கம்பு வச்சு அடிக்கிறாங்களே, கையில பட்டுடாதா?

கம்பு சரியாக இருந்து, முறையும் சரியாக இருந்தால் படாது. குழந்தைகளுக்கு 40 முதல் 45 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. தடிமன் போதும். முனையைத் தேய்த்து உருட்டிவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கு முன்னும் சிலாம்பு எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கம்பின் அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும், மேல் மூன்றிலொரு பங்கில்தான் மோத வேண்டும். நடுவில் பிடித்தால் விரல் எதிராளியின் கம்புக்கு நேரே வந்துவிடும். விரல் அடிபட இதுவே முதல் காரணம்.

முதலில் ஒருவர் கம்பை அசையாமல் கிடையாகப் பிடிக்க, மற்றவர் மட்டும் தட்டட்டும். பிறகு மாற்றுங்கள். அதன் பிறகே இருவரும் சேர்ந்து தட்டலாம். கம்பு கீழே விழுந்தால் எடுக்கக் குனியக் கூடாது. வெறுங்கையோடு அந்த அசைவை முடித்துவிட்டு எடுக்க வேண்டும். இதைச் சட்டமாகவே வையுங்கள்.

கால் வைக்கும் முறை: இடது, வலது, இடது, அதே இடதில் ஒரு துள்ளல். பிறகு வலது, இடது, வலது, வலதில் துள்ளல். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் அட்டர்பரி ஊர் முறையில் ஆட்டத்துக்கு முன் பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஆடுவார்கள். பள்ளிக்கு மிகப் பொருத்தமான முறை இது. பாடிய மெட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்று குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

12. மேபோல் நம்ம பின்னல் கோலாட்டம் மாதிரியே இருக்கே? ஆனா எங்க ரிப்பன் எப்பவும் சிக்கிக்குது.

பின்னல் ஒரே விதம்தான்: உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை. பின்னல் கோலாட்டம் ஆடிய கைக்கு மேபோல் ஒரு நாளில் வந்துவிடும். ரிப்பன் பின்னும் இந்த வடிவம் பள்ளிகளில் பரவியது விக்டோரியா காலத்தில். 1881-இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் லண்டன் வைட்லேண்ட்ஸ் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மே அரசி விழாவைத் தொடங்கிவைத்தார். அங்கே படித்துவிட்டுப் போன ஆசிரியைகள் தத்தம் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுபோனார்கள்.

மூன்று மீட்டர் கம்பம், இரண்டு நிறத்தில் மாறிமாறி 12 ரிப்பன், ஏழு மீட்டர் சதுர இடம். கம்பத்தின் அடிப்பலகைமேல் ஒரு பெரியவர் நின்றுகொள்ள வேண்டும். ரிப்பனை மணிக்கட்டில் சுற்றவோ கட்டவோ கூடாது. விழுந்தால் கை முறுக்கிக்கொள்ளும். முதலில் எல்லோரும் ஒரே பக்கமாக 16 அடி, திரும்பி 16 அடி. கம்பத்தில் கோடு கோடாக ஏறி இறங்கும். அது வந்த பிறகு பின்னல்: சிவப்பு ஒரு திசை, வெள்ளை எதிர்த் திசை, முதல் சந்திப்பில் சிவப்பு உள்ளே.

சிக்கு விழுவது பெரும்பாலும் பின்னும்போது அல்ல, அவிழ்க்கும்போதுதான். எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். கடைசியாக யாரைக் கடந்தீர்களோ அவரையே முதலில் கடக்க வேண்டும். கடைசிச் சந்திப்பில் உள்ளே போனவர் திரும்பும்போதும் அங்கே உள்ளேதான். “இப்போ மறுபடி சிவப்பு உள்ளே” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டால் பின்னல்மேல் பின்னல் விழும். யாராவது தவறிவிட்டால் இசையை நிறுத்தி, அந்த ஒரு குழந்தையைப் பின்னோக்கி நடத்துங்கள். ரிப்பனை இழுக்காதீர்கள்.

13. வாள் ஆட்டம் சின்னப் பசங்களுக்குச் சரியா வருமா?

ஒன்பது, பத்து வயதுக்கு மிக நன்றாக வரும். மரப்பட்டைதான் வாள். யார்க்‌ஷயர் கடற்கரையின் பிளாம்பரோ ஊரில் பெரியவர்களே மரவாளில்தான் ஆடுகிறார்கள். சுமார் 75 செ.மீ. நீளம், முனை மழுங்கியது. ஆறு பேர் வட்டமாக நின்று, தன் வாளின் பிடியை வலது கையிலும் பக்கத்திலிருப்பவர் வாளின் முனையை இடது கையிலும் பிடிக்க வேண்டும். கையை விடவே கூடாது. வாளைத் தாண்டுவது, வாளுக்கடியில் நுழைவது, கடைசியில் ஆறு வாளும் பின்னி நட்சத்திரமாகப் பூட்டிக்கொள்வது என்று போகும்.

பூட்டு விழ, எல்லோரும் ஒரே நேரத்தில் வலது கையை இடது கைக்கு மேலே குறுக்காகப் போட்டு நெருங்க வேண்டும். ஒருவர் இடது கையை மேலே போட்டாலும் பூட்டு கழன்றுவிடும். பட்டை சற்றே வளைய வேண்டும். தடித்த பட்டையில் பூட்டு நிற்காது. ராப்பருக்கு வேகமும் எஃகுப் பட்டையும் வேண்டும். அதை மேல்நிலைப் பள்ளிக்கு விட்டுவிடலாம்.

14. இது பழைய மத வழிபாடுன்னு ஒரு பெற்றோர் சொன்னாங்க. உண்மையா?

அதற்குச் சான்று இல்லை. கிறித்துவத்துக்கு முந்தைய சடங்கின் எச்சம் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டு இறுதியில் செல்வாக்குப் பெற்றது. ஆவணங்கள் சொல்வது வேறு. இங்கிலாந்தில் மாரிஸ் பற்றிய பழைய குறிப்பு 1448-இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்த கணக்கு. 1600-இல் நடிகர் வில் கெம்ப் லண்டனிலிருந்து நாரிச் வரை மாரிஸ் ஆடிக்கொண்டே போனார். இரண்டும் கேளிக்கை.

ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஆபட்ஸ் ப்ராம்லி கொம்பாட்டத்தைக் காட்டிக் கேட்பார்கள். அந்தக் கலைமான் கொம்புகள் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கரிமக் கணிப்பு சொல்கிறது. ஆனால் கொம்போடு ஆடிய ஆட்டத்தை விவரிக்கும் பதிவு 1686-இல்தான் கிடைக்கிறது. கொம்பின் வயதே ஆட்டத்தின் வயது ஆகிவிடாது. பெற்றோரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

15. மாரிஸ் ஆம்பளைங்க ஆட்டம்தானே? பொண்ணுங்க ஆடலாமா?

பள்ளிகளுக்கு அதைக் கொண்டுபோனதே பெண்கள். 1899 டிசம்பர் 26 அன்று, பின்னாளில் மரபு மெட்டுகளையும் ஆட்டங்களையும் சேகரித்துப் புகழ்பெற்ற செசில் ஷார்ப் ஆக்ஸ்ஃபோர்ட் அருகே ஹெடிங்டன் குவாரி ஆட்டக்காரர்களைப் பார்த்தார். கான்சர்டினா வாசித்த வில்லியம் கிம்பரிடமிருந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். 1905-இல் மேரி நீல் தம் எஸ்பெரான்ஸ் கிளப்பின் லண்டன் உழைக்கும் பெண்களுக்குக் கற்பிக்கக் கிம்பரை வரவழைத்தார். கற்றுக்கொண்ட அந்தப் பெண்களே நாடெங்கும் போய்க் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2-ஆம் பதிலில் சொன்ன 1909 மாற்றத்துக்கு முன்பே இது நடந்தது.

நீலுக்கும் ஷார்ப்புக்கும் பிறகு மோதல் வந்தது. ஷார்ப்புக்கு அடவுச் சுத்தம் முக்கியம், நீலுக்கு ஆட்டத்தின் உற்சாகம். தொடக்கப் பள்ளியில் நீல் பக்கம் நிற்பதே சரி.

16. பார்டர் மாரிஸ்ல முகத்துல கறுப்பு பூசின படம் பார்த்தேன். பள்ளியில அது வேணுமா?

வேண்டாம், கூடாது. தோலின் நிறத்தைக் கேலிப்பொருளாக்கிய மேடை வழக்கத்தை நினைவூட்டும் ஒப்பனை அது; வகுப்பில் இருக்கும் கறுப்பினக் குழந்தையின் மனம் புண்படும். 2020-இல் மாரிஸ் அமைப்புகள் மூன்றும் சேர்ந்து முழுமுகக் கறுப்பைக் கைவிட முடிவெடுத்தன. பல குழுக்கள் பச்சை, நீலம் அல்லது முகமூடிக்கு மாறிவிட்டன. பள்ளிக்கு வண்ணத் துணிக் கீற்றுகள் தைத்த சட்டையே போதும். பழைய துணியை ஒரு அங்குல அகலத்தில் கிழித்துத் தைத்தால் துள்ளும்போது அழகாகப் பறக்கும்.

17. சக்கர நாற்காலியில வர்ற பொண்ணு இருக்கா. காது கேட்காத பையனும் இருக்கான். அவங்களை எப்படிச் சேர்க்கிறது?

ஆட்டத்தை அமைக்கும்போதே அவர்களை மனத்தில் வைத்து அமையுங்கள். சக்கர நாற்காலிக்கு 8 அடி நேரத்தில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடிகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். எல்லோருக்கும் அதையே தூரமாக வையுங்கள். முழங்கைச் சுற்றுக்குப் பதிலாக டோசிடோ. நட்சத்திரத்தில் கைக்குப் பதிலாக எல்லோரும் ஒரு ரிப்பனைப் பிடிக்கலாம். அவளுக்கு மட்டும் தனி அசைவு வேண்டாம், குழுவே மாறட்டும்.

காது கேட்காத குழந்தைக்குப் பெரிய மேளத்தை மரத்தரையில் வைத்து, பகுதி தொடங்கும் அடியை மட்டும் ஓங்கி அடியுங்கள், பாதத்தில் தெரியும். அறிவிப்பவர் கையாலும் சைகை காட்ட வேண்டும். வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், முதுகுப்புறம் ஜன்னல் இருக்கக் கூடாது.

18. பெற்றோர் முன்னாடி ஆடினா பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

மரபு மெட்டுகளுக்கும் ஆட்டங்களுக்கும் உரிமையாளர் இல்லை. ஆனால் ஒருவர் புதிதாக அமைத்த இசைக்கோவைக்கும், பதிவுக்கும், புதிதாக இயற்றிய மெட்டுக்கும் உரிமை உண்டு. புதிய மெட்டுகள் பல மரபு மெட்டுபோலவே ஒலிக்கும். 1988 பதிப்புரிமைச் சட்டப்படி, பள்ளிக்குள் ஆசிரியரும் மாணவரும் மட்டும் பார்த்தால் அது பொது நிகழ்ச்சி அல்ல. பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் அந்த விலக்கு போய்விடுகிறது. ஆகவே பதிவு போடுவதானால் பள்ளி அலுவலகத்தில் இசை உரிமம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மெட்டு தேட, லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸில் உள்ள வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகம் பழைய கையெழுத்துத் தொகுப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் பள்ளி இருக்கும் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அந்த ஊரிலேயே நூறாண்டுக்கு முன் யாரோ வாசித்த மெட்டு கிடைத்தால், முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.